அட்டையில் ஐந்து பேர்

எங்கள் நிவாரண அட்டையில் எட்டுப் பேரின் பெயர்கள் இருந்தன. வாப்பா, உம்மா, மூத்தம்மா, பிள்ளைகள் ஐவர். ஆனால் அட்டைக்குச் சாமான் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கக் கடையில் நாங்கள் ஐந்து பேர்தான். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபாய் பெறுமதியான உலர் உணவு. ஐவருக்கு மேல் எத்தனை பேர் இருந்தாலும் அதே 1,260 ரூபாய் என்பது அரசாங்கக் கணக்கு. ஆறாவது ஆளுக்கு அட்டையில் பெயர் உண்டு, மூட்டையில் பங்கில்லை. நான் பிள்ளைகளில் நாலாவது. அட்டையில் ஏழாவது பெயர். எனக்குப் பின்னால் தங்கச்சி. "நீயும் இவளும் கணக்கில்லாமத் தின்னுற ஆக்கள்" என்று ராத்தா கேலி செய்வார். அரிசி அளக்கும்போது எங்கள் இருவரையும் வேண்டுமென்றே ஒரு பார்வை பார்ப்பார்.

தொண்ணூறுகளில் நிர்ணயிக்கப்பட்ட அந்தத் தொகை, நான் ஆசிரியனாகிச் சம்பளம் எடுக்கத் தொடங்கிய பின்னரும் மாறாமல் நின்றது. அரிசி விலையும் சீனி விலையும் எங்கேயோ போய்விட்டன. எனினும் அந்த அட்டையை நான் குறை சொல்ல வரவில்லை. அது இல்லாதிருந்தால் முதல் சில வருஷங்களை எங்கள் உம்மாமார் எப்படிச் சமாளித்திருப்பார்களோ தெரியாது. நான் சொல்ல வந்தது அந்தக் கணக்கைப் பற்றி. அகதியாக்கப்பட்ட பிள்ளைகளை ஓர் அரசாங்கம் எப்படி எண்ணுகிறது, எந்த இடத்தில் எண்ணாமல் விடுகிறது என்பதை முப்பத்தைந்து வருஷங்களாக இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்துவிட்டேன். பத்து வயதில் வரிசையில் நின்ற பிள்ளையாகப் பார்த்தேன். இன்று இடாப்பு எழுதும் ஆசிரியனாகப் பார்க்கிறேன்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றிய கதை இவ்விதழின் வாசகர்களுக்குப் புதிதல்ல. ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தாருக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். மன்னார்த் தீவிலிருந்த எங்களுக்கு அதைவிடச் சற்று அதிகம். மாரி தொடங்கிய நேரம். வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினோம். அங்கிருந்த மக்கள் பாடசாலைகளையும் பள்ளிவாசல்களையும் திறந்துவிட்டார்கள். சோறாக்கிக் கொண்டுவந்து தந்தார்கள். அந்தச் சோற்றின் கடன் எங்கள் தலைமுறையின் கழுத்தில் இன்னமும் இருக்கிறது.

'அகதி' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அரசாங்கத்தின் எந்தச் சுற்றறிக்கையிலும் நாங்கள் அகதிகள் அல்லர், உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர். 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தின்படி நாட்டின் எல்லையைக் கடந்தவன்தான் அகதி. சட்டம் சரியாகத்தான் சொல்கிறது. ஆனால் சந்தையில், ஆஸ்பத்திரியில், பந்தடிக்கும் திடலில் எங்களுக்கு 'அகதிப் பிள்ளை' என்பதுதான் பெயர். இடப்பெயர்வு என்று எழுதுவோர் எழுதட்டும். எனக்கு அந்தச் சொல் நாங்களாகவே விரும்பி வீடு மாறிப்போனதுபோல ஒலிக்கிறது.

எங்கள் பாடசாலை பகல் ஒரு மணிக்குப் பின்னர் தொடங்கும். காலையில் அந்த ஊர்ப் பிள்ளைகள் படித்துவிட்டுப் போன அதே வாங்குகளில் நாங்கள் போய் உட்காருவோம். சில சமயம் கரும்பலகையில் அவர்களது கணக்கு அழியாமல் இருக்கும். பின்னர் முகாமுக்குப் பக்கத்திலேயே கிடுகுக் கொட்டில் போட்டார்கள். மன்னாரில் இருந்த பாடசாலையின் பெயரையே ஒரு பலகையில் எழுதி வாசலில் நட்டார்கள். இப்படிப் பல ஊர்ப் பாடசாலைகள் தம் பெயரோடு புத்தளத்துக்கு வந்து சேர்ந்தன. ஆசிரியர்களின் சம்பளம் வடக்குக் கிழக்கு மாகாணத்திலிருந்து. கொட்டில் நின்ற மண்ணோ வடமேல் மாகாணத்தில். மழைக்கு ஒழுகும் கூரையை எந்த மாகாணம் வேய்வது என்பதற்கு ஒரு முழு மாரி கடிதப் போக்குவரத்து நடந்ததாக எங்கள் அதிபர் சொல்லிச் சிரிப்பார். முடிவில் பெற்றோர்தான் கிடுகு பின்னிப் போட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவே ஒன்றைக் கவனியுங்கள். நிவாரணம் எங்களைக் குடும்பமாக எண்ணியது, அதுவும் ஐந்து வரைக்கும். வீடமைப்பும் காணியும் எங்களைக் குடும்பமாக எண்ணின. பாடசாலை மட்டும் ஆளாள் கணக்காக எண்ணியது. 1980 இலிருந்து இந்த நாட்டில் பாடநூல் இலவசம். 1993 இலிருந்து சீருடைத் துணியும் இலவசம். அந்தத் துணி முகாமுக்கும் வந்தது. தலைக்கு ஒன்று. ஆறாவது, ஏழாவது என்ற பேச்சே இல்லை. அட்டையில் பங்கில்லாத என் தங்கச்சிக்கும் வெள்ளைத் துணி தனியாக வெட்டிக் கொடுத்தார்கள். பெற்றோர் ஒப்பமிடும் இடத்தில் உம்மா கைநாட்டு வைத்தார். தங்கச்சி அன்று அந்தத் துணியை யாரையும் தொடவிடவில்லை. அகதிப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் செய்ததில் சிறந்தது எது என்று கேட்டால், அகதிகளுக்கென்று விசேஷமாகச் செய்த எதையும் நான் சொல்லமாட்டேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்ததில் எங்களை விட்டுவிடாததையே சொல்வேன். இலங்கை சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றது 1991 ஜூலையில். நாங்கள் முகாமுக்கு வந்து ஒன்பது மாதம். சமவாயத்தை எங்கள் கொட்டிலில் எவரும் படித்ததில்லை. புத்தகம் மட்டும் வந்தது.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் 2005, 2006 ஆகிய இரு வருஷங்கள் பயிற்சி பெற்றபோது வேறொரு விதமான அகதிப் பிள்ளைகளைக் கண்டேன். சுனாமி அடித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. அம்பாறைக் கரையோரம் முழுவதும் கூடாரங்கள். நாங்கள் கற்பித்தல் பயிற்சிக்குப் போன வகுப்பில் ஒரு பையனிடம் மூன்று புத்தகப் பைகள் இருந்தன. மூன்றும் மூன்று நிறுவனங்கள் கொடுத்தவை. அவனுடைய உம்மா இல்லை. பையைத் திறந்து பார்க்கவே அவனுக்கு மனமில்லை. எங்கள் முகாமில் நாலு வருஷமாக ஒரே சீமெந்துப் பையில் புத்தகம் கொண்டுபோன நான் அதைப் பார்த்துப் பொறாமைப்படவும் முடியவில்லை, சந்தோஷப்படவும் முடியவில்லை.

அங்கேயும் வீட்டுக் கணக்கு வந்தது. கிழக்கில் கடலோரம் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். தெற்கில் அது 100 மீற்றர். வீட்டுக்குப் பணம் இருந்தும் காணி இல்லாமல் பலர் தற்காலிகக் கொட்டில்களில் இருந்தார்கள். அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியோடு 500 வீடுகள், பாடசாலையோடும் வைத்தியசாலையோடும் கட்டப்பட்டு, யாருக்குக் கொடுப்பதென்ற வழக்கில் அகப்பட்டு, 2009 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பின்னரும் பல வருஷங்கள் காடு பற்றிக் கிடந்தன. (கற்பிட்டிப் பக்கத்திலும் ஒரு நுரைச்சோலை உண்டு, அனல் மின் நிலையம் இருப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அந்த வீடுகளுக்காகக் காத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகள் அந்தப் பாடசாலைக்கு ஒரு நாளும் போகாமலே படிப்பை முடித்துப் பெரியவர்களாகிவிட்டார்கள்.

புத்தளத்தில் எங்களுக்கு வீடு வந்தது 2007 இல். உலக வங்கியின் 32 மில்லியன் டொலர் திட்டம். கிடுகு போய்ச் சீமெந்துக் கல் வந்தது; காணிக்கு உறுதி வந்தது. அயலிலிருந்த ஊர்க் குடும்பங்களுக்கும் அத்திட்டத்தில் இடமளித்தார்கள். அது மிகவும் புத்தியான காரியம். ஏனெனில் அதற்குள் எங்களுக்கும் ஊராருக்கும் இடையே உரசல் முற்றியிருந்தது. கிணற்றுத் தண்ணீர், தோட்டக் கூலி, பாடசாலை இடம், அரச உத்தியோகம் என்று ஒவ்வொன்றாக. அவற்றுள் பல்கலைக்கழக இடம் பற்றிய சண்டைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இந்நாட்டில் பல்கலைக்கழக இடங்களில் 55 வீதம் மாவட்ட அடிப்படையில் பகிரப்படுகிறது. உயர்தரம் எழுதுமுன் மூன்று வருஷம் எந்த மாவட்டத்தில் படித்தானோ அதுவே மாணவனின் மாவட்டம். புத்தளமும் பின்தங்கிய மாவட்டம்தான். எங்கள் பிள்ளைகள் கொட்டிலிலிருந்து படித்து மேலே வந்தபோது, "எங்கட பிள்ளைகளின்ட இடத்தை நீங்க எடுக்கிறீங்க" என்றார்கள். சோறு தந்த மனிதர்கள் அவர்கள். அவர்கள் சொன்னதில் நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. படித்த எங்கள் பிள்ளை செய்த பிழை என்னவென்றும் சொல்ல முடியவில்லை.

2009 இல் யுத்தம் முடிந்தது. மீள்குடியேற்றம் தொடங்கியது. கடைசி யுத்தத்தில் இடம்பெயர்ந்தோர் புதியவர்கள், நாங்கள் பழையவர்கள். புதியவர்களுக்கு முதலிடம். மெனிக் பாமில் கம்பிக்குள் இருந்த மக்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் அபிப்பிராயம் இல்லை. ஆனால் 'பழையவர்' என்பது நாளடைவில் 'காத்திருக்கப் பழகியவர்' என்றாகிவிட்டது. 25,000 ரூபாய் காசு, கூரைத் தகரம், ஆறு மாத உலர் உணவு என்று காகிதத்தில் இருந்தது. சிலருக்கு முழுவதும் கிடைத்தது. சிலருக்குத் தகரம் மட்டும். இருபது வருஷத்தில் ஒரு குடும்பம் நாலு குடும்பமாகியிருந்தது. காணி மட்டும் ஒன்றாகவே இருந்தது.

நான் முசலிப் பிரதேசத்தில் ஒரு சிறிய பாடசாலைக்கு மாற்றம் பெற்று வந்தேன். தரம் ஒன்பது வரை. இப்பகுதியின் காணிப் பிரச்சினையைப் பற்றி, 2012 இல் வெளியான வன ஒதுக்கீட்டு வர்த்தமானி பற்றி, வில்பத்து என்று தொலைக்காட்சிகளில் எழுந்த கூச்சலைப் பற்றி, சிலாவத்துறையில் வீட்டுக் காணிகளில் நின்ற கடற்படை முகாம் பற்றி எழுத வேண்டியவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் வகுப்பறைக்குள் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

முதல் வருஷம் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வந்தார்கள். மரத்தடியில்கூட வகுப்பு நடந்தது. மனம் நிறைந்திருந்தது. இரண்டாம் தவணையில் விடுகைப் பத்திரம் கேட்டு வரத் தொடங்கினார்கள். கணித ஆசிரியர் இல்லை, விஞ்ஞானத்துக்கு ஆளில்லை, ஆங்கிலத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் பக்கத்துப் பாடசாலையிலிருந்து ஒருவர் வருவார். தரம் ஐந்துக்கு மேலே போன பிள்ளையை வைத்திருக்கத் தாய்மாருக்குப் பயம். புத்தளத்தில் வீடு இருக்கிறது, டியூஷன் இருக்கிறது, பஸ் இருக்கிறது. ஒரு பிள்ளையின் பெயரைச் சேர்விடாப்பில் மூன்று முறை எழுதி மூன்று முறை நீக்கியிருக்கிறேன்.

2012 க்குப் பின்னர் இந்திய வீட்டுத் திட்டம் வந்தது. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய். பயனாளிப் பட்டியலுக்குக் குடும்பம் இங்கே நிரந்தரமாக இருக்க வேண்டும். நியாயமான நிபந்தனைதான், ஆளில்லாத வீட்டை யார் கட்டுவார்கள்? பட்டியல் பார்க்க உத்தியோகத்தர் வரும் வாரத்தில் எங்கள் பாடசாலை நிறைந்துவிடும். புத்தளத்திலிருந்து இராப் பஸ்ஸில் வந்த பிள்ளைகள் வகுப்பில் தூங்கி விழுவார்கள். "பிள்ளை இங்கதான் படிக்கிறான் எண்டு ஒரு கடிதம் தாங்க சேர்" என்று வாப்பாமார் வாசலில் நிற்பார்கள். நான் இடாப்பில் உள்ளபடி, இத்தனையாம் திகதியிலிருந்து வருகிறான் என்று எழுதிக் கொடுப்பேன். திகதியைப் பார்த்துவிட்டுச் சிலர் கோபித்தார்கள். ஒருவர் மட்டும் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நீங்க எழுதினது உண்மை சேர். ஆனா உண்மை எங்களுக்கு ரெண்டு ஊர்ல இருக்கு" என்றார்.

ஒரு தாயை மறக்க முடியவில்லை. மகள் தரம் பத்து. கெட்டிக்காரி. இங்கே வந்தால் அருகில் பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞான ஆசிரியர் உள்ள பாடசாலை இல்லை. வராவிட்டால் வீட்டுப் பட்டியலில் பெயர் நிற்காது. "நான் என்ன செய்ய, நீங்களே சொல்லுங்க" என்று என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சொல்ல அரசாங்கத்திடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. அவர்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். வாப்பாவும் மூத்த மகனும் இங்கே தகரக் கொட்டிலில். தாயும் மகளும் புத்தளத்தில். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வாப்பா பஸ் ஏறுவார். மதவாச்சி, அநுராதபுரம் சுற்றிப் புத்தளம் போய்ச் சேர இரவாகிவிடும். ஞாயிறு மாலை திரும்புவார். இப்படி ஐந்து வருஷம். வீடு கிடைத்தது. மகள் உயர்தரம் சித்தியடைந்து இப்போது புத்தளத்தில் ஆசிரியை. இங்கு கட்டிய வீட்டில் அந்த வாப்பா தனியாக ஆடு வளர்க்கிறார்.

இதைப் பார்த்துச் சிலர், குறிப்பாகக் கொழும்பிலிருந்து வந்து கூட்டம் நடத்துவோர், "இவர்களுக்கு மீள்குடியேற விருப்பமில்லை" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். விருப்பத்தை யாரிடம் கேட்டார்கள்? 'மீள்' என்ற முன்னொட்டு என் வாப்பாவுக்குப் பொருந்தும். எனக்கும் ஓரளவு பொருந்தும். பத்து வருஷம் இந்தக் காற்றைக் குடித்தவன். தரம் ஐந்தில் ஒரு முறை 'எனது ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். வழமையான தலைப்புத்தானே என்று நினைத்துக் கொடுத்தது. பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை எழுந்து, "எந்த ஊர எழுதுற சேர்?" என்று கேட்டாள். புத்தளத்து முகாமில் பிறந்து முசலிக்கு வந்தவள். இரண்டு ஊரையும் எழுதச் சொன்னேன். புத்தளத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். கடை, கடல், சிநேகிதிகள் எல்லாம் இருந்தன. இந்த ஊரைப் பற்றி நாலு வரி. அதில் ஒரு வரி, 'இது எங்கள் மூத்தம்மாவின் ஊர்.'

நாட்டில் சட்டமோ கொள்கையோ இல்லாமல் இல்லை. 1998 ஆம் ஆண்டின் ஐ.நா. வழிகாட்டிக் கோட்பாடுகள், இடம்பெயர்ந்த பிள்ளையின் கல்வியையும் திரும்பிச் செல்வோரின் சுயவிருப்பத்தையும் தெளிவாகவே சொல்கின்றன. 2016 இல் நிலைபேறான தீர்வுகளுக்கான தேசியக் கொள்கை ஒன்றை எமது அமைச்சரவையே அங்கீகரித்தது. ஆனால் எங்கள் ஜீ.எஸ். கொண்டுவரும் படிவத்தில் குடும்பத் தலைவர் பெயர், அங்கத்தவர் தொகை, காணியின் பரப்பு, வீட்டின் சேத விபரம் எல்லாம் இருக்கின்றன. 'பிள்ளை எந்த வகுப்பு, எந்தப் பாடசாலை' என்று ஒரு நிரல் இருந்து நான் பார்த்ததில்லை. அந்த நிரல் இருந்திருந்தால், வீடு கட்டுமுன் ஒரு கணித ஆசிரியரை அனுப்ப வேண்டும் என்று எவராவது ஒருவருக்குத் தோன்றியிருக்கும். 550,000 ரூபாய் வீடுகள் வரிசையாகப் பூட்டிக் கிடக்கின்றன. ஓர் ஆசிரியரின் வருஷச் சம்பளம் அதைவிட எவ்வளவு கூடிவிடும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு குடும்பம் ஓரிடத்தில்தான் பதியலாம் என்ற விதியைப் பிள்ளை படிப்பு முடிக்கும் வரையாவது தளர்த்தியிருக்கலாம். புத்தளத்தில் படிக்கும் பிள்ளையின் பெயர் மன்னார்க் குடும்ப அட்டையில் இருந்தால் எந்தக் கஜானா காலியாகிவிடும்? இதை ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்டேன். குறித்துக்கொண்டார்கள். தேநீரும் பனிஸும் நன்றாக இருந்தன.

இப்போது எங்கள் பாடசாலையில் முதல் வருஷம் வந்த பிள்ளைகளில் பாதித் தொகையும் இல்லை. ஆனாலும் மூடிவிடும் அளவுக்குப் போகவில்லை. இந்த ஜனவரியில் தரம் ஒன்றுக்குச் சேர்ந்தவர்களில் மூவர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள், இங்கேயே வளர்ந்தவர்கள். அவர்களுள் ஒருத்தியின் வாப்பாவை 2010 இல் வந்த முதல் பஸ்ஸிலிருந்து எனக்குத் தெரியும். அன்று மீசை முளைக்காத பையன். மகளைச் சேர்த்துவிட்டுப் போகும்போது, "இவள் ஆறாம் வகுப்புக்கு வாறத்துக்குள்ள கணக்குக்கு ஆள் வருமா சேர்?" என்று கேட்டார். இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது என்றேன். வெற்றிடப் பட்டியலைக் கடந்த மாதமும் அனுப்பியிருக்கிறேன்.